எதிர்காலத்தில் ஷார்ட்டன்

ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பில் எஸ்தர் டீச்சர் பலகையில் 'ஷார்ட்டன்' என்று எழுதினார். "நீளத்தைக் குறைக்கிறது. வீட்டுல நடந்ததை வெச்சு ஒரு வாக்கியம் சொல்லுங்க."

தவமணி எழுந்தாள். "டாக்டர் ஷார்ட்டன்டு மை ஹஸ்பண்ட்ஸ் லெக்."

வகுப்பு சிரித்தது.

"காலுக்கு அது வராதும்மா. டெய்லர், பேன்ட்னு மாத்திச் சொல்லுங்க."

"டெய்லர்கிட்டயும் போனேன் டீச்சர். ஒரு பக்கம் மட்டும் வெட்டித் தைச்சுக் குடுத்தாரு. சர்க்கரைல பாதத்தை எடுத்துட்டாங்க."

தவமணி இன்னும் உட்காரவில்லை.

"நான் சொன்னது இறந்தகாலம்தானே டீச்சர்? வியாழக்கிழமை முட்டிக்கு மேல எடுக்கப்போறாங்க. எதிர்காலத்துல எப்படிச் சொல்லணும்?"

டீச்சர் திரும்பி, அந்தச் சொல்லுக்கு முன்னால் 'வில்' என்று எழுதினார். பழக்கத்தில் வகுப்பு மொத்தமும் அதை உரக்கப் படித்தது.