கழற்றிய சங்கிலி

"மனுஷனை மாட்டைக் கட்டுற மாதிரி கட்டிப் போட்டிருக்கீங்களே, உங்களுக்கு நெஞ்சுல ஈரமே இல்லையா?"

டாக்டர் சூர்யகலா கேட்டதற்குக் காவலுக்கு இருந்த கான்ஸ்டபிள் மொக்கைச்சாமி வாயே திறக்கவில்லை. சொரணை கெட்ட ஆள் என்று வார்டே முடிவு கட்டியது.

காலில் சங்கிலியோடு கட்டிலில் கிடந்தவன் சோலைமுத்து. செம்பட்டிப் பக்கம் தோட்ட வேலை பார்ப்பவன். பம்புசெட் மோட்டாரைத் திருடினான் என்று பிடித்து, ஸ்டேஷனில் வைத்து அடித்த அடியில் மூத்திரத்தில் ரத்தம் போயிற்று. எழுந்து நிற்கவே முடியாதவன் எங்கே ஓடப் போகிறான்?

சூர்யகலா சும்மா இருக்கிற ரகம் இல்லை. ஊரிலிருந்த டாக்டர்கள் நாலு பேரைத் திரட்டிக்கொண்டு போய் ஆர்.டி.ஓ.வைப் பார்த்தார். நோயாளியைச் சங்கிலியில் பூட்டுவது மனித உரிமைக்கே விரோதம் என்று வாதாடினார். அதிசயமாக, ஆர்.டி.ஓ. காது கொடுத்துக் கேட்டார். அங்கேயே போனை எடுத்து இன்ஸ்பெக்டரைப் பிடி பிடியென்று பிடித்தார்.

சாயங்காலமே சங்கிலி கழன்றது. நர்ஸ் ஆரோக்கியம்மாள் டாக்டரின் கையைப் பிடித்துக்கொண்டு கண் கலங்கினாள். சூர்யகலாவுக்கும் பெருமையாகத்தான் இருந்தது. படித்த படிப்புக்கு ஒரு நல்ல காரியம் செய்துவிட்டோம் என்று நிம்மதியாகத் தூங்கினார்.

காலையில் வந்து பார்த்தால் கட்டில் காலி. சோலைமுத்துவை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போய்விட்டார்களாம். பெரிய டாக்டரிடம் கையெழுத்தும் வாங்கிவிட்டார்களாம்.

மொக்கைச்சாமி மட்டும் வராந்தாவில் நின்றிருந்தார். சூர்யகலா அவர்மேல் பாய்ந்தார்.

"ரத்தம் இன்னும் நிக்கல. யாரைக் கேட்டு அனுப்புனீங்க?"

"கட்டிப் போடாத ஆளை ஆஸ்பத்திரில விட்டுவைக்க முடியாது, ஸ்டேஷனுக்கே கொண்டாந்துருன்னுட்டாரும்மா இன்ஸ்பெக்டரய்யா. இன்னொரு அடி அவன் உடம்பு தாங்காது."

டாக்டரின் குரல் இறங்கியது.

"இதை முன்னாடியே என்கிட்ட சொல்லியிருக்கக் கூடாதா?"

"வெளிய தெரிஞ்சா என் வேலை போயிரும்மா, பிள்ளைகுட்டிக்காரன். சங்கிலி போட்டுக் காவல் இருக்கேன், ஓட மாட்டான், ஆஸ்பத்திரிலயே கெடக்கட்டும்னு அய்யா கால்ல விழுந்துதான் இம்புட்டு நாளும் அவனை உசுரோட வச்சிருந்தேன்."