செத்த கிருமி

"கோடிக்கணக்குல உயிருள்ள நல்ல கிருமின்னு லேபிள்ல போட்டிருக்கீங்க. ஆறு பாட்டில் சோதிச்சேன், ஒண்ணுகூட உயிரோட இல்ல. யார் காதுல பூ சுத்துறீங்க?"

உணவு ஆய்வாளர் போட்ட சத்தத்தில் தயிர் பானக் கம்பெனி மேனேஜர் நாற்காலியோடு பின்னுக்கு நகர்ந்தார்.

"குடிச்சவங்களுக்கு ஒண்ணும் ஆகலையே மேடம். கொஞ்சம் பாத்து எழுதுங்க."

"ஊரை ஏமாத்திட்டுப் பேச்சு வேறயா?"

ஆய்வாளரின் கைபேசி அடித்தது. ஆஸ்பத்திரியிலிருந்து கணவர்.

"பாப்பாவுக்குத் தெம்பு வரட்டும்னு ஒரு வாரமா தயிர் பானம் குடுத்தேன். இப்பதான் டாக்டர்கிட்ட சொன்னேன். புற்றுநோய் மருந்து ஏறுற உடம்புல எதிர்ப்புச் சக்தியே இல்ல, உயிருள்ள கிருமி ரத்தத்துல கலந்தா பிள்ளை பிழைக்காதுன்னு கத்துறாரு." அவர் குரல் உடைந்தது.

அவள் எழுந்துவிட்டாள். "எந்தக் கம்பெனி?"

அவர் சொன்ன பெயர்தான் மேசையிலிருந்த ஆறு பாட்டில்களிலும் இருந்தது.

"அழாதீங்க. அதுல எல்லாமே செத்த கிருமி. டாக்டர்கிட்ட சொல்லுங்க, இதோ வர்றேன்."

கைபேசிக் குரலையும் ஒட்டுக்கேட்ட மேனேஜரின் முகம் மலர்ந்தது. "பாத்தீங்களா மேடம்? நல்லதுதானே நடந்திருக்கு!"

ஓங்கி அறையலாம் போல வந்தது. போயும் போயும் இவனுக்கா நன்றிக்கடன் பட வேண்டும்! அவள் அறிக்கையை இழுத்து, 'மோசடி' என்ற சொல்லைத் தாள் கிழிய அடிக்கோடிட்டுக் கையெழுத்துப் போட்டாள்.