நாங்களும் நானும்

"'நாங்க'ன்னு எழுதாதீங்க இல்டாம்மா. 'நான்'னு எழுதுங்க. சான்றிதழ் உங்களுக்குத்தானே?"

லிடியா இதை எத்தனையாவது தடவை சொல்கிறாளோ, அவளுக்கே தெரியாது. எதிரே உட்கார்ந்திருந்த இல்டா தலையை ஆட்டினாள். ஆனால் பேனாவை எடுக்கவில்லை.

போர்ச்சுகலில் விசேயு நகரின் வயது வந்தோர் கல்வி மையம் அது. பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவர்கள் அங்கே வந்து, வாழ்க்கையில் தாங்கள் கற்றதை எழுத வேண்டும். எழுதியதை நடுவர்கள் முன்னால் விளக்கிச் சொன்னால், பன்னிரண்டாம் வகுப்பு தேறியதாகச் சான்றிதழ் கிடைக்கும். அவர்களை எழுத வைப்பதுதான் லிடியாவின் வேலை.

இல்டாவிடம் விஷயத்துக்குப் பஞ்சமில்லை. பாரிஸில் ஒரு அடுக்குமாடிக் கட்டடத்தைப் பல வருஷம் பார்த்துக்கொண்டவள். இப்போது ஊர் திரும்பி, ஒரு பள்ளிக்கூடத்தில் உதவியாளராக இருக்கிறாள். அந்த வேலை நிரந்தரமாக வேண்டுமென்றால் சான்றிதழ் வேண்டும்.

"இங்க பாருங்க. 'குளிர்காலத்துல கட்டடத்து பாய்லர் நின்னுபோச்சு. நாங்க சரி பண்ணினோம்.' யாரு சரி பண்ணினது?"

"நாங்கதான் டீச்சர். அதோட புத்தகம் பிரெஞ்சுல இருந்துச்சு. நான் படிச்சுப் படிச்சுச் சொன்னேன். அவரு ஸ்பேனரைத் திருப்பினாரு."

"நீங்க படிச்சுச் சொல்லலேன்னா அவரால முடிஞ்சிருக்குமா?"

"முடிஞ்சிருக்காது." இல்டா கொஞ்சம் யோசித்தாள். "அவரு திருப்பலேன்னா என்னாலயும் முடிஞ்சிருக்காதே."

லிடியாவுக்குச் சிரிப்பும் எரிச்சலும் சேர்ந்து வந்தன. குடியிருப்பவர்களின் சண்டையைத் தீர்த்தது 'நாங்க'. தண்ணீர் வரவில்லை என்று நகராட்சிக்கு மனுப் போட்டது 'நாங்க'. பிரெஞ்சு கற்றுக்கொண்டதுகூட 'நாங்க'.

"மொழியைக்கூடவா ரெண்டு பேரா கத்துக்குவாங்க?"

"சாப்பிடும்போது அவரு பிரெஞ்சுல கேள்வி கேப்பாரு. நான் பதில் சொல்லணும்."

"தப்பாச் சொன்னா?"

"ரொட்டியைத் தன் பக்கம் இழுத்து வச்சுக்குவாரு."

கதவுக்கு வெளியே, பெஞ்சில், அந்த 'அவரு' உட்கார்ந்திருந்தார். பெயர் பெல்மிரோ. இல்டா வரும் நாளெல்லாம் அவரும் தவறாமல் வந்துவிடுவார். பெரிய கைகள், மடியில் தொப்பி. லிடியா கடந்துபோனால் எழுந்து நிற்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். பெண்டாட்டியைக் காவல் காக்கிற ஆளைப் போலத்தான் லிடியாவுக்குத் தோன்றியது.

"எதுக்கு ஒவ்வொரு தடவையும் கூடவே வர்றாரு? உங்களைத் தனியா விடமாட்டாரா?"

"அப்படியெல்லாம் இல்ல டீச்சர். அவருக்கும் இங்க..."

"அவரை விடுங்க. உங்களைப் பத்திப் பேசுவோம்."

லிடியாவின் அம்மாவும் இப்படித்தான் இருந்தாள். துணிக்கடையை நடத்தியது முழுக்க அம்மா. பலகையில் இருந்தது அப்பாவின் பெயர். கடைசிவரை 'எங்க கடை' என்று சொல்லிக்கொண்டே அம்மா போய்ச் சேர்ந்தாள். இன்னொருத்தியையும் அப்படி விட்டுவிட லிடியாவுக்கு மனம் வரவில்லை.

அன்று அவளே பேனாவை எடுத்து, பக்கம் பக்கமாகத் திருத்த ஆரம்பித்தாள்.

இல்டா பார்த்துக்கொண்டே இருந்தாள். பிறகு மெல்லக் கேட்டாள். "டீச்சர், அங்கங்க ஒண்ணு ரெண்டு 'நாங்க' இருந்துட்டுப் போகட்டுமே."

"ஒண்ணுகூட வேண்டாம். 'அப்போ நீங்க என்ன பண்ணினீங்க?'ன்னு நடுவர்கள் அதையே புடிச்சுக்குவாங்க. உங்க வேலை போயிடும், பரவாயில்லையா?"

இல்டா மீதித் தாள்களையும் அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

நடுவர்கள் வந்த நாளில் இல்டா நீலக் கோட்டு போட்டுக்கொண்டு வந்தாள். 'நான் சரி செய்தேன்' என்கிற இடத்தில் நாக்கு ஒருமுறை தடுக்கியது. போகப்போக நன்றாகப் பேசினாள். நடுவர் ஒருவர் பிரெஞ்சில் மடக்கிக் கேட்டதற்கு, பிரெஞ்சிலேயே சிரிக்கச் சிரிக்கப் பதில் சொன்னாள்.

தேறிவிட்டாள் என்று அறிவித்ததும் கடைசி வரிசையில் முதல் ஆளாகக் கைதட்டியது பெல்மிரோ. லிடியா திரும்பி அவரைப் பார்த்தாள். கேட்டீங்களா, எல்லாம் யார் பண்ணினது என்று? அந்தப் பார்வையில் அது இருந்தது. அவர் தொப்பியை மார்போடு பிடித்துக்கொண்டு தலையை ஆட்டினார்.

நிறைந்த மனசோடு வெளியே வந்தாள் லிடியா. காபி இயந்திரத்தின் பக்கத்தில் ததேவு நின்றிருந்தான். அடுத்த அறையில் அவளைப் போலவே வேலை பார்ப்பவன்.

"உன் ஆளு தேறிட்டாங்களா?"

"பிரமாதமா. உன் ஆளு?"

"காலையில வந்து, எனக்கு வேண்டாம்னு சொல்லிட்டாரு." ததேவு காபியை ஊதினான். "ஜனவரியிலேர்ந்து மல்லுக்கட்டினேன். நகராட்சியில மேஸ்திரி வேலை அவருக்காகவே காத்துக்கிட்டிருந்துச்சு. என்ன கேட்டாலும், 'அதை அவதான் பண்ணினா'ங்கிறாரு. தன்னைப் பத்தி ஒரு வரி எழுத வைக்க முடியல. பொண்டாட்டியும் இங்கதான் எழுதுறாங்கன்னு நேத்துதான் வாயைத் திறந்தாரு."

"யாரு?"

ததேவு முகவாயால் காட்டினான். வாசலில் பெல்மிரோ, இல்டாவின் கோட்டுப் பொத்தானைப் போட்டுவிட்டுக்கொண்டிருந்தார்.

"நேத்து சாயங்காலம் அந்தம்மா எழுதினதை எடுத்து முழுசாப் படிச்சேன் லிடியா. அதுல ஒரே ஒரு இடத்துலயாவது 'நாங்க'ன்னு இருந்திருந்தா, அதைச் சாட்சியா வச்சே அவரையும் தேத்தியிருப்பேன்."