869 கிலோ நாற்காலி

"நாம பண்றது நாற்காலியா அம்மாடி, இல்ல ரோடு ரோலரா?"

அத்தான் கேட்டதும், வீட்டின் சின்ன மருமகளான இளையவள் கண்ணைக் கசக்கிக்கொண்டு மறுபடி பார்த்தாள். கம்ப்யூட்டர் திரையில் எண் பளிச்சென்று இருந்தது. மொத்த எடை: 869 கிலோ.

மாடிப்படி ஏற முடியாதவர்களை உட்காரவைத்து, சுவரில் பொருத்திய தண்டவாளத்தில் மேலே கொண்டுபோகும் நாற்காலி அது. நாற்காலி மட்டுமே தொண்ணூறு கிலோவைத் தாண்டினால் சுவர் தாங்காது என்று வாடிக்கையாளர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். இன்று மூன்று மணிக்கு அவரே நேரில் வருகிறார்.

வீட்டின் முன்பக்கத்து இரண்டு அறைகள்தான் அலுவலகம். கணவனின் அண்ணனான அத்தான் இயந்திரங்களை வரைவார். வரைந்து முடித்ததும் ஒவ்வொரு பாகத்தையும் தொட்டு, இது இரும்பு, இது அலுமினியம், இது ரப்பர் என்று கம்ப்யூட்டருக்குச் சொல்ல வேண்டும். அப்போதுதான் அது எடை சொல்லும். இரண்டு நாள் இழுக்கும் வேலை. கல்யாணமாகி வந்ததிலிருந்து வாசல் மேசையில் உட்கார்ந்து கூரியர் வாங்கிக்கொண்டிருந்த இளையவள், மூன்று மாதம் மண்டையை உடைத்துக்கொண்டு, அதைத் தானாகவே செய்ய ஒரு ப்ரோக்ராம் எழுதியிருந்தாள். இரண்டே நிமிடம். இன்றுதான் அதற்கு முதல் வேலை.

"மூணு மணிக்குள்ள இது நேராகணும். இல்லைன்னா உன் ப்ரோக்ராமுக்கு ஒரு பெரிய கும்பிடு. நீயும் பழையபடி வாசல் மேசைக்கே போயிடு."

"பட்டியலைத் திறந்தா எது கனம்னு தெரிஞ்சிடும் அத்தான். மவுஸைக் கொஞ்சம் குடுங்க."

"தப்புப் பண்ணினதே உன் ப்ரோக்ராம்தான். அது போட்ட பட்டியலை நான் நம்பணுமா? எல்லாத்தையும் நானே கண்ணால பாக்கறேன்."

மவுஸை இறுகப் பிடித்துக்கொண்டு ஆரம்பித்தார்.

"உட்கார்ற மெத்தை?"

"ஸ்பாஞ்ச்."

"சரிதான்." சொல்லவே அவருக்குக் கஷ்டமாக இருந்தது. "கைப்பிடி உறை?"

"ரப்பர்."

"ம்ம். இதெல்லாம் அதுக்கு எப்படித் தெரியுது?"

"பேரைப் பாக்கும் அத்தான். பேர்ல ஒண்ணும் புரியலைன்னா இரும்புன்னு வச்சுக்கும். நீங்க சொல்லிக்குடுத்ததுதான்."

"நான் சொல்லிக்குடுத்ததுல தப்பு இருக்காது."

ஒரு மணிக்கு அக்கா, அத்தானின் மனைவி, எட்டிப் பார்த்தாள். "சாப்பிட வரலையாங்க?"

"எனக்குச் சாப்பாடே வேண்டாம்!"

"நல்லதாப் போச்சு. உங்க பெல்ட்டாவது மூச்சு விடும்" என்று சொல்லிவிட்டுப் போனாள். இளையவள் உதட்டைக் கடித்துச் சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

இரண்டரை மணிக்கு முந்நூற்றுப் பன்னிரண்டு பாகங்களும் முடிந்தன. ஒரு வாஷர்கூடத் தப்பில்லை. ஒவ்வொன்றின் எடையையும் கால்குலேட்டரில் கூட்டிக்கொண்டே வந்த அத்தான், மொத்தத்தைப் பார்த்துவிட்டு நாற்காலியில் சாய்ந்தார்.

"எண்பத்துநாலு! நான் கூட்டினா எண்பத்துநாலு கிலோ. உன் ப்ரோக்ராம் என்ன சொல்லுது? எண்ணூத்து அறுபத்தொன்பது! அதுக்குக் கூட்டவே தெரியலை."

"கூட்டறது ப்ரோக்ராம் இல்லையே அத்தான், கம்ப்யூட்டராச்சே..."

"எதுவோ ஒண்ணு. வாசல்ல கூரியர்காரன் நிக்கறானா பாரு, போ."

அவள் எழுந்திருக்கவில்லை. மூன்று மாத உழைப்பு. அத்தான் இரண்டு கைகளையும் உயர்த்திச் சோம்பல் முறித்தார். அந்த ஒரு கணம் மவுஸ் தனியாகக் கிடந்தது. சட்டென்று பிடுங்கிப் பட்டியலைத் திறந்தாள். கனமானது முதலில் வரும்படி அடுக்கினாள்.

மொத்தம் முந்நூற்றுப் பதின்மூன்று பாகங்கள்.

"ஒண்ணு கூடுது அத்தான்! இதோ பாருங்க. பேர், 'மாதிரி'. ஒண்ணும் புரியாததால இரும்புன்னு போட்டிருக்கு. எழுநூத்து எண்பத்தஞ்சு கிலோ!"

"மாதிரியா? அப்படி ஒண்ணு திரையிலேயே..." என்று ஆரம்பித்த அத்தானின் குரல் பாதியில் நின்றது. முகம் வெளிறியது. "அ... அதை விடு அம்மாடி. திறக்காதே."

"யாரோ மறைச்சு வச்சிருக்காங்க அத்தான். மறைச்சா கண்ணுக்குத்தான் தெரியாது, எடையில சேந்துடும்" என்றபடியே அவள் அதைத் திரையில் காட்டும் பொத்தானை அழுத்திவிட்டாள்.

வாசலில் மணி அடித்தது. "என்னங்க, அந்த கஸ்டமர் வந்துட்டாரு! உள்ள கூட்டிட்டு வரேன்" என்ற அக்காவின் குரலும், கூடவே காலடிச் சத்தமும் நெருங்கின.

திரையில், அந்த நாற்காலியில், வழுக்கைத் தலையும், கைப்பிடிகளுக்கு நடுவே பிதுங்கும் தொப்பையும், சட்டைப்பையில் பேனாவுமாக, முழு இரும்பில் உட்கார்ந்திருந்தார் அத்தான். ஆறு மாதம் முன்பு, உட்கார இடம் போதுமா என்று பார்க்கத் தன் உடம்பையே டேப் வைத்து அளந்து வரைந்தவர், யாராவது சிரிப்பார்களே என்று மறைத்துவைத்து, அதை மறந்தும் போயிருந்தார்.

"ப்ரோக்ராம் பிரமாதம் அம்மாடி, இனிமே எல்லா வேலையையும் அதுலயே பண்ணிடு" என்று கிசுகிசுத்தார் அத்தான். "உங்க அக்கா உள்ள வர்றதுக்குள்ள என்னை மட்டும் அழிச்சிடு!"