நாத்தனாருக்கு ஒரு இலக்கணப் பரீட்சை

நாற்காலியை நாத்தனாரின் மூக்குக்கு நேராக இழுத்துப் போட்டு உட்கார்ந்தேன். இன்று அவள் வாயைத் திறக்க வைக்காமல் எழுந்திருப்பதில்லை என்று முடிவு.

மடியில் அவளுடைய ஆங்கில இலக்கணப் புத்தகம். முப்பத்தைந்து வருடம் அதை வைத்துத்தான் பிள்ளைகளை மிரட்டினாள்.

"சொல்லுங்க அண்ணி. பார்ட்ஸ் ஆஃப் ஸ்பீச் மொத்தம் எத்தனை?"

முதுகுக்குத் தலையணை முட்டுக்கொடுத்துக் கட்டிலில் உட்கார்ந்திருந்தவள் என்னைப் பார்த்தாள்.

அந்தப் பார்வைக்கு மூன்று பள்ளிக்கூடங்கள் நடுங்கியிருக்கின்றன. தலைமையாசிரியரே அவளுக்குப் பயந்து ஜன்னல் வழியாக இறங்கி வீட்டுக்குப் போனாராம். இதைப் பரப்பியது நான்தான்.

எனக்குக் கல்யாணமான மூன்றாம் நாள், இதே கேள்வியை அவள் என்னிடம் கேட்டாள். கூடத்தில் ஐந்நூறு பேர். அந்தக் கூடத்தில் முப்பது பேர் நின்றாலே மூச்சு முட்டும். இருந்தாலும் ஐந்நூறு பேர்தான்.

நவுன், வெர்ப் என்று ஆரம்பித்து மூன்றாவதோடு நின்றுவிட்டேன். மிச்சம் ஐந்தையும் அவளே விரல் மடக்கிச் சொல்லி முடித்து, "என் தம்பிக்கு வாய்ச்சது இதுதான்" என்றாள்.

என் அப்பா தரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர் சிரித்தார். அவரை அப்புறம் தனியாகக் கவனித்துக்கொண்டேன்.

அதற்குப் பிறகு நாற்பத்தோரு வருடம் ஓடிவிட்டது. டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் உட்கார்ந்து பாதி உலகத்தை மீதி உலகத்தோடு பேசவைத்து ஓய்வும் பெற்றுவிட்டேன். அவளுக்கு மட்டும் நான் மூன்றோடு நின்றவள். ஒருமுறை அவள் பிறந்தநாளுக்கு வாழ்த்து அட்டை அனுப்பினேன். பதினொரு இடத்தில் சிவப்பு மையால் சுழித்து, தபால்தலை ஒட்டி, எனக்கே திருப்பி அனுப்பினாள்.

இன்று என் முறை.

"தெரியலையா? பரவாயில்லை, நானே சொல்றேன். 'பியூட்டிஃபுல்', இது வெர்ப்."

அவள் புருவம் லேசாக ஏறியது.

"'ஸ்லோலி', நவுன். 'அண்ட்' இருக்கே அண்ட், அது ப்ரோநவுன்."

இடது கன்னம் துடித்தது. இடது கை போர்வையைப் பிறாண்டியது. எனக்குள் குளுகுளுவென்று இருந்தது.

வாசற்படியில் மருந்துக் கிண்ணத்தோடு நின்றிருந்த அவள் மகள், "அத்தை, பாவம், போதுமே" என்றாள்.

"நீ சும்மா இரு. உங்கம்மா பாடம் எடுத்தப்ப யாராவது குறுக்கே பேசினாங்களா?"

பக்கத்தைப் புரட்டினேன். வாக்கிய வகைகள்.

'க்ளோஸ் த டோர்' என்பது ஆச்சரிய வாக்கியம் என்று அறிவித்தேன். 'வேர் ஆர் யூ கோயிங்' என்பது கட்டளை வாக்கியம். என் வீட்டில் உண்மையிலேயே அப்படித்தான்.

அவள் கழுத்து நரம்பு கயிறு மாதிரி புடைத்தது. சுவரில் இருந்த பல்லி, நமக்கெதற்கு வம்பு என்று அலமாரிக்குப் பின்னால் போய்விட்டது.

"'வாட் எ லவ்லி ஃப்ளவர்!' இது கேள்வி வாக்கியம். வாட்ல ஆரம்பிச்சா எல்லாமே கேள்விதான் அண்ணி. இதுகூடத் தெரியாமலா இத்தனை வருஷம் குப்பை கொட்டினீங்க?"

மூச்சு புஸ்புஸ்ஸென்று வந்தது. கண்ணால் சுட முடியுமானால் நான் அந்த இடத்திலேயே சாம்பல்.

ஆனால் வாய் மட்டும் திறக்கவில்லை. கடைசியாக வைத்திருந்ததை எடுத்தேன்.

"நாளையிலேர்ந்து இந்தத் தெருப் பிள்ளைங்க பத்துப் பேருக்கு நான்தான் டியூஷன். இப்படியேதான் சொல்லிக்கொடுக்கப் போறேன். யார்கிட்ட படிச்சீங்கன்னு யாராவது கேட்டா, அண்ணி, உங்க பேரைத்தான் சொல்லணும்னு அதுங்ககிட்ட சொல்லியிருக்கேன்."

அவள் உதடு கோணியது. வாய்க்குள் என்னவோ புரண்டது, முட்டியது, வழி தேடியது.

"த... த... தப்பு!"

தெருக்கோடி நாய் குரைப்பதை நிறுத்தியது.

"தப்பு! தப்புடி!"

மருந்துக் கிண்ணம் தரையில் விழுந்து உருண்டது. மகள் கைபேசியைத் தேடி எடுத்து, "டாக்டர், அம்மா பேசிட்டாங்க" என்றாள்.

மூளையில் ரத்தக்குழாய் அடைத்துக் குளியலறையில் விழுந்த நாளிலிருந்து, ஐந்து மாதமாக அந்த வாயிலிருந்து ஒரு சொல் வந்ததில்லை. படங்களைக் காட்டிப் பார்த்தார்கள். பாட்டுப் போட்டுப் பார்த்தார்கள். பேரனைக் கொண்டுவந்து முன்னால் நிறுத்தி, கூப்பிடச் சொல்லிக் கெஞ்சினார்கள். இனிமேல் பேச்சு வந்தால் உண்டு என்று டாக்டர் கையை விரித்திருந்தார்.

மகள் ஓடிவந்து என்னைக் கட்டிக்கொண்டாள்.

"தள்ளு, தள்ளு. இன்னும் பரீட்சை முடியலை."

தள்ளியதில் என் கைப்பை சரிந்து, உள்ளே இருந்த நோட்டு வெளியே விழுந்தது. மகள் எடுத்துப் புரட்டினாள். நூற்றிருபது பக்கம். இடது பக்கத்தில் என் கையெழுத்தில் ஒவ்வொரு சொல்லுக்கும் ஒவ்வொரு வாக்கியத்துக்கும் சரியான பதில், அடித்து அடித்துத் திருத்தி எழுதியது. வலது பக்கத்தில் நான் சொல்லவேண்டிய தப்பு.

"இவ்வளவையும் எப்ப அத்தை படிச்சீங்க?"

நோட்டை வெடுக்கென்று பிடுங்கிக்கொண்டேன். படிக்காமல் வரமுடியுமா? நான் சொல்வதில் தெரியாத்தனமாக ஒன்று சரியாகிப் போனால், அந்த மகராசி வாயே திறக்கமாட்டாளே.