பேனர் வராத பேரணி

பேரணி கிளம்பும் நேரம். பேனர் வரவில்லை.

"அவளை நம்பி வேலையைக் கொடுத்தேன் பாருங்க, என்னைச் சொல்லணும்" என்றாள் தலைவியம்மா.

கருக்கலைப்பை எதிர்த்து, கருவிலிருக்கும் உயிர்களுக்காக ஆலயத்தார் வருஷா வருஷம் நடத்தும் பேரணி அது. பேனரைத் தைத்து, அதன் ஒரு முனையைப் பிடித்துக்கொண்டு வருவது தையல்காரியின் வேலை. இன்றைக்கு ஆளையும் காணோம், பேனரையும் காணோம். போனை வேறு அணைத்து வைத்திருந்தாள்.

"கல்யாணத் துணி ஏதாவது வந்திருக்கும். அவளுக்கு அதுதானே முக்கியம்" என்றாள் செயலாளர். எரிகிற தீயில் எண்ணெய் விடுவது அவளுக்குக் கைவந்த கலை.

"என் பொண்ணு மட்டும் ஹாஸ்டல்ல இல்லாம இங்க இருந்திருந்தா, ராவோட ராவா ஒரு பேனர் எழுதிக் கொடுத்திருப்பா. இவ இனிமே கமிட்டியில வேண்டாம்" என்றாள் தலைவியம்மா.

"உடம்புக்கு முடியலையோ என்னவோ. விசாரிச்சுட்டு முடிவு பண்ணுங்கம்மா" என்றார் பங்குத்தந்தை. யார் காதிலும் விழவில்லை.

பேனர் இல்லாமலே நடந்தார்கள். "கருவில் இருப்பதும் கடவுளின் பிள்ளை" என்று தலைவியம்மா சொல்ல, கூட்டம் திருப்பிச் சொன்னது. அது வெறும் கோஷமில்லை. அந்த வரியை அவள் நிஜமாகவே நம்பினாள்.

முடிந்ததும் நேராகத் தையல்காரி வீட்டுக்குப் போனாள். நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி நாலு வார்த்தை கேட்டால்தான் அவளுக்கு மனசு ஆறும்.

கதவைத் திறந்த தையல்காரி வழியை மறித்துக்கொண்டு நின்றாள்.

"மெதுவாப் பேசுங்கக்கா. இப்பதான் தூங்குறா."

"யாரு தூங்குறா?"

தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். தையல் மெஷின் மேல் பேனர் மடித்தபடியே இருந்தது. கட்டிலில் சுருண்டு படுத்திருந்தவள் தலைவியம்மாவின் மகள். ஹாஸ்டலில் இருக்க வேண்டியவள்.

"விடிஞ்சதும் பையோட வந்து நின்னாக்கா. மூணு மாசமாம். அந்தப் பையன் கைவிரிச்சுட்டான். 'கலைக்கப் போறேன், துணைக்கு வாங்க சித்தி'ன்னா. ஞானஸ்நானத்துல அவளைக் கையில ஏந்தின ஞானத்தாய்னு உரிமையா என்கிட்ட வந்தா. உங்களுக்குச் சொல்லிடுவேன்னு என் போனைப் பிடுங்கி அணைச்சுட்டா. பேனரைக் கொடுக்க நான் தெருவைத் தாண்டியிருந்தா, அவ தனியாவே போயிருப்பா."

பேச்சுச் சத்தத்தில் மகள் விழித்துக்கொண்டாள். அம்மாவைப் பார்த்ததும் சுவரோரமாய் ஒடுங்கினாள்.

"என்கிட்ட வர்றதுக்கு என்னடி?" என்றாள் தலைவியம்மா.

"கல்யாணம் ஆகாம வயித்தோட நிக்கிறான்னு பாடகர் குழுவுலேருந்து ஒரு அக்காவை வெளிய அனுப்பினீங்களேம்மா. அன்னிக்கு நானும் உங்க பக்கத்துலதான் நின்னேன்."

தலைவியம்மாவுக்கு முகத்தில் அறைந்தது போலிருந்தது. அப்படியே கட்டிலில் உட்கார்ந்தாள். "சாப்பிட்டியா?" என்றாள்.

மகள் உடைந்து அழுதாள்.

"நான் வீட்டுக்கு வரலாமாம்மா? இப்படியே?"

"உன் வீடுடி அது."

தலைவியம்மாவின் போன் அடித்தது. செயலாளர்தான்.

"ஸ்பீக்கர்ல போட்டிருக்கேன் தலைவி, கமிட்டியே இருக்கு. பேரணியை விட்டுட்டு அப்படி என்ன பெரிய வேலையாம் அவளுக்கு?"

'காய்ச்சல்னு சொல்லிடுங்க' என்று தையல்காரி ஜாடை காட்டினாள்.

தலைவியம்மா மகளைப் பார்த்தாள். மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு மெல்லத் தலையசைத்தாள்.

"என் பேரப்பிள்ளையைப் பாத்துக்கிட்டு இருந்தா."