புகை வராத வீடு

"கெர்டா! உயிரோட இருக்கியா?"

முழங்கால் பனியில் மூச்சிரைக்க ஓடி வந்து கதவை இடித்தார், பக்கத்துப் பண்ணைத் தனிக்கட்டை ஆல்கோத். ஸ்டாக்ஹோமிலிருந்து அக்கா வீட்டுக்கு வந்திருந்த ரூனாதான் திறந்தாள்.

"ரெண்டு நாளா புகைக்கூண்டுல புகையே காணோம். எங்க ஊர்ல அப்படின்னா ஆள் அவுட்டுனு அர்த்தம்மா!"

"அக்கா நல்லாத்தான் இருக்காங்க. கீழே பெரிய தண்ணித் தொட்டி இருக்குங்க. ஒரு நாள் விறகு எரிச்சா போதும், அந்தத் தண்ணியோட சூடே ரெண்டு மூணு நாளைக்கு வீட்டைக் கதகதப்பா வச்சிருக்கும்."

"அட, தண்ணியில சூட்டைச் சேர்த்து வைக்க முடியுமா!"

வாயைப் பிளந்தவர், கெர்டா மின்கெட்டிலில் போட்டுத் தந்த காபியை மூன்று கோப்பை குடித்துவிட்டுத்தான் எழுந்தார்.

"பாவம்க்கா, விவரம் தெரியாத மனுஷன்," என்றாள் ரூனா.

"அந்தத் தொட்டியைப் பொருத்திக் கொடுத்ததே அவர்தாண்டி."

ரூனாவுக்குச் சிரிப்பும் நடுக்கமும் சேர்ந்தே வந்தன. "சரி, தொட்டி ஆறிப்போச்சு போல. குளிருதுக்கா, அடுப்பை மூட்டேன்."

கெர்டா ஒரு கம்பளியைத் தங்கை மேல் போட்டாள்.

"போர்த்திக்கிட்டு உட்காரு. புகை வந்தா அந்த மனுஷன் நாளைக்கு வரமாட்டார்."